ஜில் ஜில் ரமாமணியும் நாமும்

இலக்கிய ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கப்பட்ட பக்கத்தில் சினிமா நடிகை ஒருத்திக்கு இடமா என்று கேட்கும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. வள்ளுவனையும் கம்பனையும் சிலம்பையும் பேச வேண்டிய இடத்தில் கூத்தாடிகளின் கதையைப் பேசுவது தகுமா என்று அவர்கள் முகத்தைச் சுளிப்பர். அவர்களை ஒன்று கேட்கிறோம். மலாக்கா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழ்ந்த தமிழன் படித்த நூல்கள் எத்தனை? பார்த்த படங்கள் எத்தனை? பெண் என்றால் இப்படி, ஏழை என்றால் இப்படி, வேலைக்காரி என்றால் இப்படி என்று அவன் உள்ளத்தில் எண்ணங்களைப் படியவைத்தது எது? ஏடா, வெள்ளைத் திரையா? திரைதான் என்பதை நேர்மையுள்ள எவரும் மறுக்கமாட்டார். அங்ஙனமாயின், அத்திரையில் அரை நூற்றாண்டுக்கு மேல் நின்ற ஒரு பெண்ணின் கலையை எடைபோட்டுப் பார்ப்பது வீண்வேலை ஆகாது; செய்ய வேண்டிய வேலையே ஆகும்.

நாம் குறிப்பிடுவது மனோரமாவை. 1937ஆம் ஆண்டு மன்னார்குடியில் பிறந்து, 2015ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் மறைந்தவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களில் நடித்தவர் என்று கின்னஸ் ஏட்டில் பெயர் பதிக்கப்பெற்றவர். அவரைப் பற்றிப் பேச வாயெடுத்தவர் எவரும் முதலில் சொல்வது இந்த எண்ணிக்கையைத்தான். எண்ணிக்கை வியப்பைத் தரும், விளக்கத்தைத் தராது. ஆயிரம் படம் என்றால் ஆயிரம் மனிதர்களா, அல்லது ஒரே வேலைக்காரி ஆயிரம் முறை விளக்குமாற்றோடு வந்து போனாளா என்பதே கேள்வி. நமது முடிவை முதலிலேயே கூறிவிடுகிறோம். படத்தொழில் அவருக்குக் கொடுத்தது பெரும்பாலும் துண்டுகளே. கதையின் ஓரத்தில் சிந்திய துண்டுகள். அத்துண்டுகளிலிருந்து முழு மனுஷிகளைப் படைக்கும் திறமையை அவருக்குத் தந்தது நாடகமேடை. அம்மனுஷிகளைக் கண்டு நாம் சிரித்தோமே, அச்சிரிப்பு எத்தகையது என்பதுதான் இக்கட்டுரையின் கவலை.

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் கோபிசாந்தா. தந்தையால் கைவிடப்பட்ட தாய் இராமாமிர்தம், கைக்குழந்தையோடு காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூரில் அடைக்கலம் புகுந்தார். நகரத்தார் வாழும் ஊர் அது. பெரிய வீடுகள், அவ்வீடுகளில் ஏவல் செய்து வயிறு வளர்க்கும் ஏழைப் பெண்கள். வட்டித் தொழிலுக்காகக் கடல் கடந்து மலாக்காவுக்கும் வந்த செட்டிமார்களின் சீமை என்றால் நம்மவர்க்குச் சட்டென விளங்கும். தாயின் உழைப்பில் வளர்ந்த சிறுமி, பள்ளிப்படிப்பை முடிக்காமலே தானும் உழைக்கத் தொடங்கினாள்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். பிற்காலத்தில் தமிழுலகம் முழுவதும் மனோரமாவை "ஆச்சி" என்று அழைத்தது. அச்சீமையின் பேச்சு அவர் நாவில் ஒட்டியிருந்ததால் ஒட்டிய பெயர் அது. ஆனால் பள்ளத்தூரில் ஆச்சி என்பது யாரைக் குறிக்கும்? வீட்டின் எசமானியை! வேலை செய்த வீட்டின் மகளாக அல்லாமல், வேலைக்காரியின் மகளாக வளர்ந்தவளுக்கு எசமானியின் பட்டம் வந்து சேர்ந்தது. பட்டத்தைச் சூட்டியது பிறப்பு அன்று, தொழில். இந்த ஒரு செய்தியில், நாடகமேடை ஓர் ஏழைப்பெண்ணுக்கு என்ன செய்ய வல்லது என்பது அடங்கியிருக்கிறது.

ஆனால் அம்மேடை பெண்ணை எளிதில் ஏற்றுக்கொண்ட மேடை அன்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் வள்ளியும் தமயந்தியும் மீசை முளைக்காத சிறுவர்களே. பெண்கள் மேடையேறினால் அவர்களுடைய பாட்டுக்குக் கைதட்டு. அவர்களுடைய குலத்துக்கு ஏச்சு. 1931இல் வெளிவந்த "காளிதாஸ்" என்ற முதல் தமிழ்ப் பேசும் படத்தில் கதாநாயகியாக நடித்த டி. பி. ராஜலக்ஷ்மியும் நாடகமேடையிலிருந்து வந்தவரே. இரவில் அவள் பாட்டைக் கேட்க வண்டி கட்டிக்கொண்டு போனவன், பகலில் அவளைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்காரவிட மாட்டான். இந்த இரட்டை நாக்கு தமிழ்ச் சமூகத்துக்கு நெடுநாள் உரிமை.

இத்தகைய காலத்தின் கடைசியில், பன்னிரண்டு வயதளவில், கோபிசாந்தா மேடையேறினாள். பள்ளத்தூருக்கு வந்த நாடகக் குழுவில் நடிக்க வேண்டிய பெண்ணுக்குப் பாட்டுச் சரியாக வரவில்லை. உள்ளூர்ச் சிறுமிக்கோ நல்ல குரல் இருந்தது. தேவைக்கு அழைக்கப்பட்டவள் தேர்ச்சியால் நிலைத்துவிட்டாள். நாடக ஆசிரியர் திருவேங்கடமும் ஆர்மோனியக்காரர் தியாகராஜனும் சேர்ந்து மனோரமா என்ற பெயரைச் சூட்டினர். பின்னர் வைரம் நாடக சபையிலும், எஸ். எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றத்திலும் இடம் கிடைத்தது. "மணிமகுடம்" போன்ற நாடகங்களில் அவர் கதாநாயகி! ஆம், கதாநாயகியேதான். அண்ணாதுரையின் நாடகங்களில் அவரோடும், "உதயசூரியன்" நாடகத்தில் கருணாநிதியோடும் மேடையில் நின்றார். சாதியையும் மூடப்பழக்கத்தையும் எதிர்த்து எழுந்த நாடகங்களின் காலம் அது. அந்நாடகங்களில் பெண் அழுவதற்கு மட்டும் வருவதில்லை. வாதாடுவாள், கேள்வி கேட்பாள், எதிர்த்து நிற்பாள். நீண்ட வசனத்தை மூச்சுத் தவறாமல், கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் கேட்கும்படி பேச வேண்டும். சிரிப்பு எழுந்தால் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். எழாவிட்டால் அடுத்த வசனத்தில் அதை வரவழைக்க வேண்டும். எதிரே நிற்பவர் வசனத்தை மறந்தால் கதை அறுபடாமல் காக்க வேண்டும். பிறகு திரையில் மனோரமாவைக் கண்டு நாம் வியந்ததெல்லாம், அந்த வேகமும் நிதானமும் செவிக்கூர்மையும், இங்கே கற்ற பாடமே.

திரையுலகில் அவரைப் புகுத்தியவர் கண்ணதாசன். அவர் எடுத்த "மாலையிட்ட மங்கை" 1958இல் வெளிவந்தது. மனோரமாவுக்கு அதில் நகைச்சுவை வேடம். நாடகத்தில் நாயகியாக நின்ற பெண்ணுக்கு அதில் தயக்கம் இல்லாமலில்லை. நாயகியாக வந்தால் நாலைந்து ஆண்டுகளில் ஒதுக்கிவிடுவார்கள், நகைச்சுவையென்றால் நெடுநாள் நிலைக்கலாம் என்று கவிஞர் தேற்றியதாகப் பிற்காலத்தில் மனோரமாவே நன்றியோடு கூறியதுண்டு. அறிவுரை பலித்தது; அதை மறுப்பதற்கில்லை. எனினும் அவ்வறிவுரையைச் சற்றே திருப்பிப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு நாயகியாக ஐந்தாண்டுதான் ஆயுள் என்றால் அது யாருடைய சட்டம்? அவளுக்கு வயது ஏற ஏற அவளோடு ஆடிய ஆணுக்கு மட்டும் வயது ஏறாமல் நின்றுவிடுகிறதா? கவிஞர் உண்மையைத்தான் சொன்னார். அவ்வுண்மை படத்தொழிலின் மேல் எழுதப்பட்ட குற்றப்பத்திரிகை என்பதை நாம்தான் கவனிக்கவில்லை.

1963இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த "கொஞ்சும் குமரி"யில் அவருக்கு நாயகி வேடம் வாய்த்தது. ஆனால் அந்த வழி நீளவில்லை. அதன்பின் நாகேஷின் ஜோடி, சோவின் ஜோடி, தேங்காய் சீனிவாசனின் ஜோடி என்று வரிசை தொடர்ந்தது. ஜோடி என்ற சொல்லை நோக்குக. ஆண் நகைச்சுவைக்காரன் ஒருவன் இருப்பான். அவனுடைய கேலிக்கு இலக்காக ஒரு பெண் வேண்டும். அவளுக்கு ஜோடி என்று பெயர். கலைவாணர் கிருஷ்ணனோடு டி. ஏ. மதுரம் இந்த நிலையை முன்பே ஒருவாறு மாற்றிக் காட்டியிருந்தார். அவர் பேச்சில் பதிலடி உண்டு. மனோரமா அந்த வழியில் வந்து, அதைவிட நெடுந்தூரம் நடந்தவர்.

அவர் நடந்த வழியின் பெயர் பேச்சு. நம் பழைய படங்களில் ஒரு சாதிமுறை உண்டு. அது உடையில் மட்டுமன்று, நாவிலும் இருந்தது. நாயகன் செந்தமிழில் முழங்குவான்; நாயகி இலக்கணத்தில் நாணுவாள். வேலைக்காரனும் வண்டிக்காரனும் மீன்காரியும் மட்டுமே வாழ்க்கையில் மனிதர் பேசும் தமிழைப் பேசுவர். அவர்கள் வாய் திறந்தாலே கொட்டகை சிரிக்கும். அதாவது, நாம் வீட்டில் பேசும் தமிழைக் கேட்டு நாமே சிரித்தோம்! மனோரமா கையில் இந்தப் பேச்சு கேலிப்பொருளாக நின்றுவிடவில்லை. பாலசந்தரின் "அனுபவி ராஜா அனுபவி" (1967) படத்தில் தூத்துக்குடிக் கரையோரப் பேச்சு. "பொம்மலாட்டம்" (1968) படத்தில் சென்னைச் சேரிப் பேச்சு, வி. குமாரின் இசையில் அப்பேச்சிலேயே ஒரு பாட்டையும் அவரே பாடினார். வேறு படங்களில் செட்டிநாட்டுப் பேச்சு, கொங்குப் பேச்சு, பிராமணர் வீட்டுப் பேச்சு. ஒவ்வொன்றிலும் அவ்வூராரே "இவள் எங்கள் ஊர்க்காரி" என்று சொல்லும்படியான உரிமை இருந்தது. கொச்சை என்று புலவர்கள் ஒதுக்கியதில் ஓர் ஊரின் மானமும் கோபமும் குறும்பும் குடியிருக்கின்றன என்பதை அவர் நாக்கு மெய்ப்பித்தது. அறிந்து செய்தாரோ அறியாமல் செய்தாரோ, அது ஒரு சீர்திருத்தம்.

அவருடைய கலையின் சிகரமென்று நாம் கருதுவது 1968இல் வெளிவந்த "தில்லானா மோகனாம்பாள்". கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதையை ஏ. பி. நாகராஜன் படமாக்கினார். கதை பெரிய கலைஞர்களைப் பற்றியது. நாதசுர வித்துவான் சண்முகசுந்தரமாகச் சிவாஜி கணேசன். நாட்டியக்காரி மோகனாவாகப் பத்மினி. இருவருக்கும் இடையே கர்வப்போர், கலைப்போர், காதல். இவ்வளவு உயர்ந்த கலைமண்டபத்துக்குள் நுழைகிறாள் ஒரு நாடகக்காரி, ஜில் ஜில் ரமாமணி. பெயரே சிரிப்பு, நடை சிரிப்பு, மூக்கும் நாக்கும் சேர்ந்து இழுக்கும் பேச்சு அதைவிடச் சிரிப்பு. அவளுடைய கலைக்கு அரண்மனை அழைப்பு இல்லை. திருவிழாக் கொட்டகையும் விசில் சத்தமுமே அதற்குக் கிடைத்த பரிசு.

வேறொரு நடிகையாக இருந்தால் இந்த வேடத்தைக் கோமாளித்தனமாக முடித்திருப்பார். மனோரமா செய்ததென்ன? வித்துவானின் முன் நிற்கும்போது ரமாமணியின் கண்களைப் பாருங்கள். அவள் ஆட்டமெல்லாம் அடங்கி, பெரிய கலைக்கு முன் சிறிய கலைஞர் நிற்கும் பணிவு அங்கே தெரியும். அப்பணிவு அடிமையின் பணிவன்று. தானும் கலைக்காரி என்ற உரிமை அதற்குள்ளே ஒளிந்திருக்கிறது. ஊர் தன்னை எப்படி மதிக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் சிரிக்கிறாள், சிரிக்கவைக்கிறாள். வைரம் நாடக சபையின் பெண்ணுக்கு இந்த ரமாமணியை யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. தன் தொழிலையே, தன் தொழிலுக்கு ஊர் கொடுத்த பெயரையே அவர் திரையில் வைத்தார்.

இதை எழுதுபவன் சிறுவனாக இருந்தபோது, ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் அப்படத்தைக் கண்டான். பெரட்டுக் களத்துக்குப் பக்கத்துத் திடலில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி. லயத்து ஜனங்கள் பாயும் கோணிச் சாக்கும் கொண்டுவந்து விரித்துக்கொண்டனர். ரமாமணி தோன்றியதும் திடலே குலுங்கிற்று. பக்கத்தில் அமர்ந்திருந்த அத்தை மட்டும் சிரிக்கவில்லை. விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போய், நடுப்பகலில் வாளியோடு திரும்பும் கை அவருடையது. "ஏன் அத்தை, சிரிப்பு வரலியா?" என்று கேட்டதற்கு, "சிரிப்புதான் வருதுடா. ஆனா அவ பாவம், நம்மளப் போல ஆளு" என்றார். ஆராய்ச்சியாளர்கள் பல பக்கங்களில் எழுதுவதை அத்தை ஒரே வரியில் கூறிவிட்டார். ஒரு கூட்டம் அவளைப் பார்த்துச் சிரித்தது. ஒருத்தி அவளோடு சேர்ந்து சிரித்தாள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே மனோரமாவின் கலை.

குறை கூறாமல் புகழ்வது ஆராய்ச்சி ஆகாது. அவர் நடித்த படங்களில் பல, மறக்கத் தக்கவை. சில, வெட்கத் தக்கவை. பருத்த உடலைக் கேலி செய்து, முதுமையைக் கேலி செய்து, மணமாகாத பெண்ணின் ஏக்கத்தைக் கேலி செய்து வயிறு வளர்த்த கதைகளுக்கு அவரும் துணைநின்றார். "நடிகன்" (1990) படத்தில் வயது கடந்தும் மணமாகாத பேபியம்மா, கிழவன் வேடமிட்ட இளைஞனிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். கதை அவளை ஏமாளியாக்கிச் சிரிக்கச் சொல்கிறது. மனோரமாவோ அவளுடைய நாணத்தை மெய்யான நாணமாகவே நடிக்கிறார். ஆகவே சிரித்துக்கொண்டிருக்கும்போதே நமக்கு உறுத்துகிறது. கதையாசிரியன் அவமதித்த பெண்ணை நடிகை காப்பாற்றுகிறாள். ஆனால் எல்லாப் படத்திலும் காப்பாற்ற முடியவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இது தமிழகத்துக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்காவில் ஹாட்டி மெக்டேனியல் என்ற நீக்ரோ நடிகை இருந்தார். அடிமைகளாகப் பிறந்தவர்களின் மகள். "கான் வித் தி விண்ட்" என்ற 1939ஆம் ஆண்டுப் படத்தில் வெள்ளையர் வீட்டு வேலைக்காரியாக நடித்து, 1940இல் துணைநடிகைக்குரிய ஆஸ்கார் பரிசைப் பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பரும் அவரே. பரிசளித்த அவ்விருந்தில் அவருக்குச் சுவரோரம் தனி மேசை! அவர் காலமெல்லாம் வேலைக்காரியாகவே நடித்ததை அவர் இனத்தவரிலேயே பலர் கண்டித்தனர். கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆனால் வேறு வேடம் கொடுக்காதவன் யார் என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. மனோரமாவை எடைபோடும்போது இவ்விரு நியாயங்களையும் தராசின் இரு தட்டிலும் வைக்க வேண்டும்.

முதுமை வந்தபின் அவருக்குத் தாய் வேடங்களும் கிழவி வேடங்களும் வந்தன. "சம்சாரம் அது மின்சாரம்" (1986) படத்தின் கண்ணம்மா வேலைக்காரி. ஆனால் படித்தவர்கள் திகைத்து நிற்கும் இடத்தில் வாயும் துணிவுமாக முன்வந்து நிற்பவள் அவளே. "அபூர்வ சகோதரர்கள்" (1989) படத்தில் பெறாத பிள்ளையை வளர்க்கும் முனியம்மா. "சின்னத் தம்பி" (1991), "சின்னக் கவுண்டர்" (1992) படங்களில் நாயகனின் தாய். இவற்றில் நகைப்பும் அழுகையும் ஒரே மூச்சில் வருகின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்கு அவர் தாவும்போது இடையில் தையல் தெரிவதில்லை. 1989இல் வெளிவந்த பார்த்திபனின் "புதிய பாதை"யில் ஆயாவாக நடித்ததற்கு இந்திய அரசின் சிறந்த துணைநடிகை விருது கிடைத்தது. திரைக்கு வந்து 31 ஆண்டுகள் கழித்து! நம் தோட்டங்களில் ஆயாக் கொட்டகையில் நாற்பது தொட்டிலை ஆட்டிய கிழவிக்கும் ஆயா என்றுதான் பெயர். அவளுக்கு எந்த அரசும் விருது கொடுத்ததில்லை. திரையிலாவது அவளுடைய பெயருக்கு ஒரு விருது கிடைத்ததே என்று மகிழ்வோம்.

ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்று அவரைப் பாராட்டுவது வழக்கம். அண்ணாதுரை, கருணாநிதி ஆகிய இருவரோடு மேடையில், எம். ஜி. இராமச்சந்திரன், ஜெயலலிதா, ஆந்திரத்து என். டி. ராமராவ் ஆகியோரோடு திரையில். உண்மை, பெருமைதான். ஆனால் கூட நின்றவர்கள் கோட்டைக்குப் போனார்கள். இவர் மறுநாளும் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு படப்பிடிப்புக்குப் போனார். 2002இல் பத்மஸ்ரீ பட்டம் வந்தது. பட்டங்களை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் கூட நின்ற பெரியவர்களைக் கொண்டு அவரை அளப்பதைவிட, அவர் நாவில் பேசிய சிறியவர்களைக் கொண்டு அளப்பதே முறை. மீன்காரி, வேலைக்காரி, நாடகக்காரி, கைம்பெண், ஆயா. இவர்களே அவருடைய சபை.

இனி நம்மைப் பற்றி ஒரு வார்த்தை. அலோர் காஜாவிலும் ஜாசினிலும் மெர்லிமாவிலும் தோட்டக் கோயில் திருவிழா என்றால் முன்பு நாடகம் இல்லாமல் போகாது. அதில் சீதையும் சந்திரமதியும் யார்? மீசையை மழித்துச் சேலை கட்டிய நம் இளைஞர்களே! ஏன், தோட்டத்தில் பெண்கள் இல்லையா? இருந்தார்கள். ஆணுக்குச் சரியாக மரம் வெட்டினார்கள். மேடையேற மட்டும் அவர்களுக்கு அனுமதியில்லை. ஏறினால் "கூத்தாடி" என்று பெயர் வைத்துவிடுவோம். திரையில் மனோரமாவுக்குக் கைதட்டிய அதே கை, நம் வீட்டுப் பெண் மேடையேறக் கேட்டபோது அவளை அறைந்தது. பள்ளத்தூரில் நகரத்தார் வீட்டு வேலைக்காரியின் மகளுக்குக் கிடைத்த கதவு, மலாக்காத் தோட்டத்தில் பால் வெட்டியவளின் மகளுக்குக் கிடைக்கவில்லை. எத்தனை மனோரமாக்கள் லயத்துக்குள்ளேயே குரல் அடங்கிப் போனார்களோ! அந்தக் கணக்கு எந்த ஏட்டிலும் பதியப்படவில்லை.

இன்று ரப்பர்க் காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் காலியாகி, ஜனங்கள் பட்டணக் குடியிருப்புகளுக்கு வந்துவிட்டனர். திடலில் கட்டிய வெள்ளைத் துணி போய்விட்டது. கையிலடங்கும் கண்ணாடியில் படம் வருகிறது. கருவி மாறினாலும் சிரிப்பு மாறவில்லை. நம் பேச்சைப் பேசும் ஏழைப்பெண்ணைக் கேலிப்பொருளாக்கும் காட்சிகள் இன்றும் வந்தவண்ணம் இருக்கின்றன. நாமும் சிரித்தவண்ணம் இருக்கிறோம். அன்பர்களே, சிரிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சிரிக்கத் தெரியாத சமூகம் சிந்திக்கவும் தெரியாது. அடுத்தமுறை அத்தகைய காட்சி வரும்போது, அவளைப் பார்த்துச் சிரிக்கிறோமா, அவளோடு சேர்ந்து சிரிக்கிறோமா என்று ஒரு கணம் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். பள்ளித் திடலிலோ கோயில் மண்டபத்திலோ நாடகம் போடும்போது, பெண்ணின் வேடத்தைப் பெண்ணுக்கே கொடுப்போம். கொடுத்தபின் அவள் வீடு திரும்பும் வழியில் வசைமொழி கேளாமல் பார்த்துக்கொள்வோம். ஜில் ஜில் ரமாமணிக்கு நாம் செலுத்த வேண்டிய கட்டணம் அதுதான். இவ்வளவு காலமும் அவளை இலவசமாகவே பார்த்துவிட்டோம்.